ஐந்து மடங்குத் துளி

வார்ப்புக்காரிக்கு உள்ளங்கைதான் எல்லாம். ரெசின் என்கிற பிசினையும் அதை இறுகவைக்கிற ஹார்ட்னரையும் கலந்து அச்சில் ஊற்றினால், இறுகும்போது அது தானாகவே சூடாகும். எவ்வளவு சூடு என்று பார்க்கக் கருவிகள் இருக்கின்றன. அவள் அதையெல்லாம் சீண்டமாட்டாள். அச்சின்மேல் கையை வைப்பாள், கண்ணை மூடுவாள், "தேறிடும்" என்பாள். தேறிவிடும். இத்தனை வருடத்தில் அந்தக் கை அவளை ஏமாற்றியதே இல்லை. ஒரு தடவையாவது ஏமாற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பட்டறை, டயர் கடைக்குப் பின்னால் இருந்த ஒரு நீள அறை. தெருவைப் பார்த்து ஒரு கதவு, அதை ஒட்டி ஒரு ஜன்னல். உள்ளே போகப் போக இருட்டு. உலர்ந்த பூ வைத்த சாவிக்கொத்து, பெயர்ப்பலகை, மேஜைமேல் காகிதம் பறக்காமல் வைக்கிற கண்ணாடிக் குண்டு, இவைதான் பிழைப்பு. ஊற்றுவது அவள். ஊற்றியதை உப்புத்தாளால் தேய்த்து, மெஷினில் கொடுத்துப் பளிங்காக்குவது அவள் புருஷன். அவன் தொழிலும் அப்படி, தலையும் அப்படி. ஒரு முடி கிடையாது. தெருவே அவனைப் 'பளபளா' என்றுதான் கூப்பிட்டது. அவனும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டான்.

அங்கே டிக்கெட் அம்மா முதலில் வந்தது ஒரு குட்டி ஷூவோடு. பஸ் நிலையக் கவுன்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவள். ஊரில் எல்லோருக்கும் அவளை இடுப்புக்கு மேலே தெரியும். முழு ஆளாக நடந்து வந்து நின்றபோது, இவ்வளவு உயரமா என்று வார்ப்புக்காரிக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். அதில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை ஷூ தொங்கியது.

"இதைக் கண்ணாடி மாதிரி எதுக்குள்ளயோ வெச்சுக் குடுப்பீங்களாமே?"

"குடுப்போம்க்கா. பாப்பாவோடதா?"

"பொண்ணோடது. மூணு மாசக் குழந்தையா இருந்தப்ப போட்டது." ஷூவை வளையத்திலிருந்து கழற்றினாள். "வீடு எரிஞ்சப்ப நான் டூட்டியில இருந்தேன். இது என் பையில இருந்தது. வேற ஒண்ணும் மிஞ்சல."

குழந்தை மிஞ்சியதா என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. பளபளா மெஷினை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒரு சாண் உயரத்தில், நீர்த்துளி வடிவத்தில் அச்சு எடுத்தாள் வார்ப்புக்காரி. அடியில் குண்டாக, மேலே கூராக. ரெசின் டின்னில், ஒரு தடவைக்கு இரண்டு விரல் உயரத்துக்குமேல் ஊற்றாதே என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளி என்பது அவள் கட்சி. முக்கால் கிலோவையும் ஒரே ஊற்றாக ஊற்றினாள். அச்சு, குளிக்கிற வெந்நீர் அளவுக்குச் சூடாகி அடங்கியது. மறுநாள் உரித்தெடுத்தால், நடுவில் அந்த ஷூ நடக்கப்போவதுபோல் நின்றது. ஒரு குமிழி இல்லை, ஒரு கோடு இல்லை. டிக்கெட் அம்மா அதைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனாள்.

அத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்துத் திரும்பவும் வந்தாள். இந்தத் தடவை முகத்தில் ஒரு வெளிச்சம். கையில் ஒரு கவுன். வான நீலம், வெள்ளைப் பொத்தான், கீழே ஓரத்தில் சின்ன லேஸ்.

"சலவைக் கடையில கிடந்திருக்கு. துணி போட்டதே எனக்கு மறந்துபோச்சு. அந்தக் கடைக்காரர் கவுன்டருக்கே கொண்டுவந்து குடுத்தார்." அதை மடியில் விரித்து நீவிவிட்டாள். "அந்த ஷூ மாதிரியே இதையும் பண்ணிக் குடுங்க. அச்சு அசலா அதே வடிவம். சின்னதும் பெருசும் பக்கத்துல பக்கத்துல வைக்கணும்."

பெரிய உருப்படியை அடுக்கு அடுக்காகத்தான் ஊற்றவேண்டும். ஓர் அடுக்கு இறுகி ஆறியபின் அடுத்தது. அப்படிச் செய்த ஒரு பூங்கொத்துக் கட்டியை வார்ப்புக்காரி எடுத்துக் காட்டினாள். டிக்கெட் அம்மா அதை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள்.

"குறுக்கே இது என்ன கோடு?"

"அடுக்குக்கு அடுக்கு அப்படி ஒண்ணு விழுங்க்கா. உத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"நான் உத்துத்தானே பாப்பேன்?" என்றாள் டிக்கெட் அம்மா. "சின்னதுல இல்லையே. அவ மேல ஒரு கோடு விழக்கூடாதும்மா."

"சரிக்கா. ஒரே ஊத்தா ஊத்திடறேன்" என்றாள் வார்ப்புக்காரி.

வாய் தவறி வந்ததில்லை அது, இரக்கத்தில் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதிரில் நின்றால் யாருக்குத்தான் இல்லை என்று சொல்ல மனசு வரும்? ஆனால் ரெசினுக்கு அதெல்லாம் தெரியாது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் கணக்கில் தகராறு. கவுன் விரிந்து நிற்கவேண்டுமென்றால் துளி எல்லாப் பக்கமும் ஐந்து மடங்கு ஆகவேண்டும். அதில் இருவருக்கும் சண்டையில்லை.

"சின்னதுக்கு நாலு உப்புத்தாள் ஆச்சு" என்றான் பளபளா. "இதுக்கு நூறு வேணும். இருபத்தஞ்சு மடங்கு."

"அஞ்சு மடங்குன்னுதானே சொன்னேன்?"

"உயரம்தான் அஞ்சு. நான் தேய்க்கிறது மேல்தோலை. அது நீளத்துக்கு ஒரு அஞ்சு, அகலத்துக்கு ஒரு அஞ்சு. ஐயஞ்சு இருபத்தஞ்சு. என் முதுகு ஒடியப்போகுது, போ."

"முதுகைப் பத்தி நீங்க பேசாதீங்க. எனக்கு எவ்வளவு ரெசின் தெரியுமா? நூத்தி இருபத்தஞ்சு மடங்கு. கிட்டத்தட்ட நூறு கிலோ!"

பளபளாவுக்குச் சோறு புரையேறியது. அவள் விடவில்லை. ஒரு சோப்புப் பெட்டியை எடுத்து அவன் தட்டுக்கு முன்னால் வைத்தாள். "இது மாதிரி அஞ்சு நீளம், அஞ்சு அகலம் அடுக்குங்க. இருபத்தஞ்சு ஆச்சா? அது மேல இன்னும் நாலு தட்டு. மொத்தம் எத்தனை? உங்களுக்குத் தோலு மட்டும். எனக்கு உள்ள இருக்கிற சதை முழுக்க."

"அப்போ உனக்கு அஞ்சு பங்கு வேலை, எனக்கு ஒரு பங்குதான். சரி, இன்னிக்குப் பாத்திரத்தை நான் கழுவறேன்" என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள்.

அவன் சொன்ன இருபத்தைந்து சரி. அவள் சொன்ன நூற்றிருபத்தைந்தும் சரி. பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தால் இருவருக்கும் முழு மதிப்பெண். பாத்திரம் கழுவுகிற பங்கைத் தாண்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அச்சு செய்யவே நாள் பிடித்தது. உருவம் பெரிதானால் அச்சும் தாங்கவேண்டுமே. ரப்பர் கையகலத் தடிமன், அதைச் சுற்றிப் பிளாஸ்டர் ஓடு. கவுனை முதலில் ரெசினில் முக்கி, நூலிழைகளில் ஒளிந்த காற்றையெல்லாம் விரலால் ஒற்றி எடுத்தாள் வார்ப்புக்காரி. பிறகு கண்ணுக்குத் தெரியாத நைலான் இழைகளில் கட்டி, அச்சுக்கு நடுவே தொங்கவிட்டாள். கைகள் இரண்டும் விரிந்து, பாவாடைப் பகுதி குடையாகி, லேஸ் ஓரம் மட்டும் சுவரை உரசுவதுபோல் நின்றது. உள்ளே எட்டிப் பார்த்த பளபளா, "யாரோ உள்ள நிக்கற மாதிரியே இருக்கு" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே என்னவோபோல் ஆகிவிட்டது.

ஊற்றுகிற அன்று டிக்கெட் அம்மா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை, வராதே என்று சொல்லவும் மனசில்லை. வாளி வாளியாகக் கலந்தார்கள். நூல் மாதிரி மெல்லிய தாரையாக வார்ப்புக்காரி ஊற்ற, நீலக் கவுன் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கியது. லேஸ், பாவாடை, பொத்தான் ஒவ்வொன்றாக, கடைசியில் கழுத்து. டிக்கெட் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

ஊற்றி முடித்ததும் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அச்சின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீங்க வேலையைப் பாருங்க. நான் இப்படியே இருக்கேன்" என்று ஓட்டின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

மதியம்வரை ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அவளே சொன்னாள்.

"சூடாகுதும்மா. வெதுவெதுன்னு இருக்கு." முகத்தை அச்சின்மேல் சாய்த்தாள். "தூங்கி எழுந்தா அவ உடம்பு இப்படித்தான் இருக்கும்."

வார்ப்புக்காரிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. தானும் வந்து உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடினாள். வெதுவெதுப்புதான். சின்னத் துளிக்கு இருந்த சூடுகூட இல்லை. "தேறிடும்க்கா" என்றாள்.

ஆனால் மனசுக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக உட்கார மறுத்தது. சின்னது இந்த நேரத்துக்கு ஏறி இறங்கி ஆறியிருந்தது. இது இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது, மெதுவாக, அவசரமே இல்லாமல். மேலே ஊற்றுகிற வாய் வழியாக எட்டிப் பார்த்தாள். காலையில் தண்ணீராக இருந்தது இப்போது லேசாகத் தேன் நிறம். ஜன்னல் வெளிச்சமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயப்படுகிற மனசுக்குச் சமாதானம் சொல்ல ஆயிரம் வழி.

பளபளா மூலையில் உப்புத்தாள் கட்டைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். டிக்கெட் அம்மாவைக் கொஞ்சம் சிரிக்கவைக்கலாம் என்று அவனுக்கு ஆசை.

"அக்கா, இவ என்னை வேலையில்லாதவன்னு சொல்றா. நீங்களே நியாயம் சொல்லுங்க. நான் தேய்க்கிற ஒவ்வொரு கையகல இடத்துக்குப் பின்னாடியும் முன்னைவிட அஞ்சு மடங்கு ரெசின் நிக்குது. தோலு இருபத்தஞ்சுதான் வளந்திருக்கு, உள்ள நூத்தி இருபத்தஞ்சு. இதை நான் ஒருத்தன் தேய்ச்சு..."

"என்ன சொன்னீங்க?" என்றாள் வார்ப்புக்காரி.

"ஏன், தப்பா?"

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அவன் சொன்னான். சொல்லும்போதே அவள் முகம் வெளுத்ததைப் பார்த்துக் கடைசி வார்த்தையை விழுங்கிவிட்டான்.

சூடு பிறப்பது உள்ளே, ரெசின் முழுவதும். அது வெளியே போக வழி தோல் ஒன்றுதான். சூடு நூற்றிருபத்தைந்து பங்கு, போகிற வழி இருபத்தைந்து பங்கு. ஒவ்வொரு கையகலமும் முன்னைவிட ஐந்து மடங்கு சூட்டை வெளியே விடவேண்டும், அதுவும் அந்தத் தடித்த ரப்பரையும் பிளாஸ்டரையும் தாண்டி. விடாது. விடாத சூடு எங்கே போகும்? நடுவிலேயே நிற்கும். நிற்க நிற்க ரெசின் இன்னும் வேகமாக இறுகும். வேகமாக இறுக இறுக இன்னும் சூடாகும். அவள் உள்ளங்கை பொய் சொல்லவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நடப்பதை மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும்.

சைக்கிள் கம்பி ஒன்றை எடுத்து, ஊற்றுகிற வாய் வழியாக ஓரமாக இறக்கினாள். கொஞ்ச தூரம் கூழாகப் போய், பிறகு கல்லில் இடித்து நின்றது. உருவி எடுத்து நுனியைத் தொட்டவள், "அம்மா!" என்று உதறினாள். விரல் கொப்பளித்துவிட்டது.

"என்னம்மா ஆச்சு?"

"அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய போய் உக்காருங்க."

"ஏன்?"

"சும்மாதான். காத்தோட்டமா..."

டிக்கெட் அம்மா மூக்கை உயர்த்தி மோந்தாள். மற்ற இருவருக்கும் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாசனையை அவளைவிட யார் அறிவார்கள்?

"துணி கருகுது" என்றாள்.

பளபளா ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரோடு வந்து ஓட்டின்மேல் கொட்டினான். சில்லென்று வழிந்து தரையில் ஓடியது. வெளியே குளிர்ந்து என்ன பிரயோஜனம்? உள்ளே டப் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. வாயிலிருந்து முதலில் ஓர் இழை, பிறகு தடியாக, மஞ்சளும் பழுப்புமாகப் புகை கிளம்பியது.

"வெளிய! எல்லாரும் வெளிய!" என்று கத்தினான் பளபளா.

டிக்கெட் அம்மா அச்சை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். "நான் வரமாட்டேன். உடைச்சு எடுங்க. உள்ள இருக்கா, எடுங்க!"

"எடுக்க முடியாதுக்கா, கல்லாயிடுச்சு. வாங்க!"

"அன்னிக்கு நான் இல்ல. இன்னிக்கு இருக்கேன். இருக்கும்போது எப்படி விட்டுட்டு வருவேன்?"

ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து, விரல் விரலாகப் பிரித்து, இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். டயர் கடைக்காரன் பதறி ஓடிவந்தான். தீ பற்றவில்லை. அந்தமட்டில் பிழைத்தார்கள். கதவு வழியாகப் புகை மட்டும் வந்துகொண்டே இருந்தது, இருட்டும்வரை. டிக்கெட் அம்மா எதிர்ச்சாரியில் தரையில் உட்கார்ந்து, கண்ணைக்கூட இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட வார்ப்புக்காரிக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஓட்டை உடைத்தார்கள். டிக்கெட் அம்மா வந்து நின்றாள். துளி வந்தது, அதே வடிவம், அச்சு அசல், அதில் ஒரு குறையும் இல்லை. நடுப்பகுதி மட்டும் கருகிய சர்க்கரைப் பாகின் நிறத்தில் இருந்தது. குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள். அவற்றுக்கு உள்ளே, கைகளை விரித்தபடி, கவுன் கறுப்பாக நின்றது. பொத்தான்கள் உருகி வழிந்திருந்தன. கீழே, தோலை ஒட்டியிருந்த லேஸ் ஓரமும் அதற்குமேல் இரண்டு விரல் அகலத் துணியும் மட்டும் அதே வான நீலத்தில், நேற்று சலவையிலிருந்து வந்ததுபோல் இருந்தன.

"என் தப்புக்கா" என்றாள் வார்ப்புக்காரி. "டின்னிலேயே எழுதியிருந்தது. அடுக்கு அடுக்காத்தான் ஊத்தணும்னு நான் ஒத்தக் கால்ல நின்னிருக்கணும். என் கையை நம்பி உங்க பொருளைக் கெடுத்துட்டேன்."

டிக்கெட் அம்மா கைப்பையிலிருந்து சின்னத் துளியை எடுத்துப் பெரியதன் பக்கத்தில் வைத்தாள். வெள்ளை ஷூ தெளிவாக நின்றது.

"ரெண்டும் ஒரே ரெசின்தானே?"

"ஆமாக்கா."

"ஒரே வடிவம்?"

"ஆமா."

"அப்போ இதுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

பளபளா வாயைத் திறந்தான். இருபத்தைந்து, நூற்றிருபத்தைந்து என்று ஏதோ ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். வார்ப்புக்காரிதான் பதில் சொன்னாள். இருக்கிற உண்மையை எளிதாகச் சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தாள்.

"இது சின்னதுக்கா. சின்னதுல எல்லாமே வாசல் பக்கத்துலயே இருக்கும். சூடு டக்குனு வெளிய போயிடும். பெருசுல ஓரத்துல இருக்கிறது தப்பிச்சிடும். நடுவுல இருக்கிறதுக்கு வெளிய வர வழி ரொம்ப தூரம்."

டிக்கெட் அம்மா குனிந்து, நீல லேஸ் இருந்த இடத்தில் ஒரு விரலை வைத்தாள். அங்கிருந்து கறுப்பு தொடங்கும் இடம்வரை மெதுவாக இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"முன் ரூம்ல இருந்தவங்க வெளிய வந்துட்டாங்க. பின் ரூம்காரங்களும் வந்துட்டாங்க" என்றாள். "அவ நடு ரூம்ல தூங்கிட்டு இருந்தா."

பிறகு சின்னத் துளியை எடுத்துப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, கதவைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போனாள்.